பெரிய சொந்த யாட்டை ஓட்ட என்னென்ன லைசென்ஸ் வேண்டும்? ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, பக்கத்து ரயில் பாலத்தின் தூக்கு மேலே போவதை வேடிக்கை பார்க்காத ஆள் எங்கள் பக்கத்தில் கிடையாது. போன தடவை ஊருக்கு வந்திருந்தபோது ஒரு வெள்ளை யாட், அதாவது பெரிய உல்லாசப் படகு, அந்த வழியாகத் தென்கடலிலிருந்து வடகடலுக்குப் போனது. பக்கத்தில் நின்ற பையன் மண்டபத்துக்காரன். அப்பா நாட்டுப்படகு வைத்திருக்கிறாராம். "அண்ணே, இத ஓட்டுறதுக்கு லைசென்ஸ் எங்கண்ணே எடுக்கிறது?" என்று கேட்டான்.

கார் லைசென்ஸ் மாதிரி ஓர் அட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொள்கிற சங்கதியாக அவன் நினைத்திருந்தான். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். பதினோரு வருடம் யாட்களில் டெக்ஹேண்டாகவும் (மேல்தள வேலையாள்) மேட்டாகவும் (கேப்டனுக்கு அடுத்த அதிகாரி) வேலை பார்த்த பிறகு எனக்குப் புரிந்தது இதுதான்: கலத்துக்கு ஒரு கட்டுத் தாள், ஓட்டுகிறவருக்கு ஒரு கட்டுத் தாள், எந்தக் கடலில் ஓட்டுகிறோமோ அந்தக் கடலுக்கு இன்னொரு கட்டுத் தாள். முதல் இரண்டையும் பற்றி நிறையப் பேர் சொல்வார்கள். மூன்றாவதை நம் கரைக்காரர்கள்தான் சொல்ல வேண்டும். யாட் வேலைக்குப் போக நினைக்கும் தம்பிகளுக்கும், வெளிநாட்டில் சம்பாதித்து ஒரு நல்ல யாட்டை இந்தப் பக்கம் கொண்டுவர ஆசைப்படும் அண்ணன்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் மூன்று கேள்விகள்

எந்த அலுவலகத்தில் போய் நின்றாலும் இந்த மூன்றைத்தான் கேட்பார்கள். எவ்வளவு பெரிது? எந்த நாட்டுக் கொடி, அதாவது எந்த நாட்டில் பதிவானது? சொந்த உபயோகமா, வாடகைக்கா?

பெரிதா என்பதற்கு உலகம் முழுக்க அடிபடும் எண் 24 மீட்டர். கலம் எவ்வளவு அமிழலாம் என்று சொல்லும் லோட் லைன் ஒப்பந்தமும் 1969-ம் ஆண்டின் டன் அளவீட்டு ஒப்பந்தமும் அந்த நீளத்தில்தான் தொடங்குகின்றன. வெறும் நாடாவை வைத்து முனையிலிருந்து முனைவரை அளக்கிற நீளம் இல்லை இது. 'லோட் லைன் நீளம்' என்று தனிக் கணக்கு உண்டு. விற்பனை விளம்பரத்தில் 26 மீட்டர் என்று போட்டிருக்கும் யாட், சர்வேயர் அளந்தால் 24-க்குக் கீழே வரலாம். வாங்குவதற்கு முன்பே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் வித்தியாசத்தில் மேட், எஞ்சினியர், சர்வே எல்லாமே மாறிவிடும்.

அளவுக்கே இன்னொரு எண் ஜி.டி., அதாவது கிராஸ் டன். பெயரில் டன் இருப்பதால் எடை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது கலத்துக்குள் மூடிய இடம் எவ்வளவு என்பதைச் சொல்லும் எண். 500 ஜி.டி. என்றால் சுமார் 1,880 கன மீட்டர் மூடிய இடம். 200, 500, 3,000 ஆகியவை யாட் உலகத்தின் படிக்கட்டுகள். கேப்டனின் சான்றிதழில் இந்த எண்களில் ஒன்று எழுதியிருக்கும். அதற்கு மேற்பட்ட கலத்தை அவர் எடுக்க முடியாது.

மூன்றாவது கேள்வியில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். கடல் பாதுகாப்புக்கான சோலாஸ் ஒப்பந்தமும், மாலுமிப் பயிற்சிக்கான எஸ்.டி.சி.டபிள்யூ. ஒப்பந்தமும் 'வியாபாரத்தில் ஈடுபடாத உல்லாச யாட்'டுக்கு விலக்குத் தருகின்றன. இதைப் படித்துவிட்டு, "சொந்த யாட்டுக்கு லைசென்ஸே வேண்டாம்" என்று சொல்கிற உரிமையாளர்களைப் பார்த்திருக்கிறேன். சோலாஸிலேயே ஐந்தாவது அத்தியாயம், கடற்பயணப் பாதுகாப்பு பற்றியது, தனியார் கலங்களையும் தொடுகிறது. மோதல் தடுப்பு விதிகள் எல்லோருக்கும் பொது. மாசுத் தடுப்புக்கான மார்போலும் அப்படியே. இதற்கெல்லாம் மேலாக, கொடி நாடு தன் சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் செல்லும். உதாரணத்துக்கு, பிரிட்டன் கொடியில் 24 மீட்டரோ 80 ஜி.டி.யோ தொட்டுவிட்டால் சொந்த யாட்டாக இருந்தாலும் சான்றிதழ் பெற்ற ஆட்கள் வேண்டும்.

அப்புறம் இன்ஷூரன்ஸ். என் அனுபவத்தில் சட்டத்தைவிடக் கண்டிப்பானது அதுதான். பாலிசியில் கேப்டனின் தகுதி, குறைந்தபட்ச ஆட்கள், எந்தக் கடலில் ஓட்டலாம் என்பதெல்லாம் எழுதியிருக்கும். கொடி நாடு கேட்காத சான்றிதழைப் பாலிசி கேட்டால், அது கட்டாயம் மாதிரிதான்.

கட்டணம் வாங்கி ஒருவரை ஏற்றினால், விலக்கு போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாடகை யாட்டில் 12 பயணிகள்வரை ஏற்றலாம். பதின்மூன்றாவது ஆள் ஏறினால் அது பயணிகள் கப்பல் கணக்கு. விதிகள் முற்றிலும் வேறு.

கலத்தின் தாள்கள்

இந்தியக் கொடி என்றால் மும்பையில் இருக்கும் டி.ஜி. ஷிப்பிங் என்ற மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகம்தான் தலைமை. அதன் கீழ் வேலை நடப்பது எம்.எம்.டி. (வணிகக் கடல்துறை) அலுவலகங்களில், நமக்குச் சென்னை. 1958-ம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்தின்படி, 15 நிகர டன்னுக்கு மிகாமல் இந்தியக் கரையோரம் மட்டும் ஓடும் கலத்துக்கு அதில் பதிவு தேவைப்படவில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய வணிகக் கப்பல் சட்டம் எடை, எஞ்சின் வேறுபாடு பார்க்காமல் எல்லாக் கலங்களையும் பதிவுக்குள் கொண்டுவருகிறது. பெரிய யாட்டுக்கு இரண்டு கணக்கிலும் பதிவு உண்டு என்பதால் குழப்பம் இல்லை. ஆனால் படிவமும் விதி எண்ணும் மாறும். விண்ணப்பம் போடும் வாரத்தில் எம்.எம்.டி.யில் நேரில் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

வரிசை இப்படிப் போகும். பெயருக்கு அனுமதி. கட்டியவர் தந்த சான்று அல்லது விற்பனைப் பத்திரம். உரிமையாளர் உறுதிமொழி. சர்வேயர் வந்து டன் அளவு எடுப்பது. பிறகு 'கார்விங் அண்டு மார்க்கிங்' என்ற ஒரு சடங்கு: முகப்பின் இரு பக்கமும் பெயர், பின்புறத்தில் பெயரும் பதிவுத் துறைமுகமும், உள்ளே முதன்மை உத்தரத்தில் பதிவு எண்ணும் டன் அளவும். அந்த எண் ஸ்டிக்கராக இருந்தால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், நிரந்தரமாகப் பொறித்திருக்க வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு யாட்டில் அதைத் தேக்குப் பலகைக்குப் பின்னால் மறைத்து அழகுபடுத்தியிருந்தார்கள். சர்வேயர் வந்த அன்று ஸ்க்ரூ டிரைவரோடு படுத்துக்கொண்டு பலகையைக் கழற்றியது நான்தான்.

வெளிநாட்டில் வாங்கிக் கொண்டுவந்தால் சுங்கம் இதை 8903 என்ற தலைப்பில் பார்க்கும். சுங்கவரி தனி. அதோடு, 2025 செப்டம்பர் 22 முதல் உல்லாச யாட்களுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். யாட்டின் விலையோடு இதையும் எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வயர்லெஸ் கருவிகளுக்குத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவில் உரிமம் வேண்டும். கலத்துக்கு அழைப்புக் குறியும் ஒன்பது இலக்க எம்.எம்.எஸ்.ஐ. எண்ணும் கிடைக்கும். இந்தியக் கலத்தின் எண் 419 என்று தொடங்கும். இ.பி.ஐ.ஆர்.பி. என்ற ஆபத்து அறிவிப்புக் கருவியைப் பதிவு செய்யாமல் வைத்திருப்பதும் வைக்காமல் இருப்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சிக்னல் வரும்போது அது யாருடைய கலம், வீட்டில் யாரைக் கூப்பிடுவது என்று மீட்பு மையத்துக்குத் தெரிய வேண்டுமே.

ஒன்றைக் கறாராகச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் வாங்கிய யாட்டில் இரிடியமோ துராயாவோ சாட்டிலைட் போன் இருக்கும். அனுமதி இல்லாமல் அதை இந்தியக் கடலுக்குள் வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் குற்றம். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கரையோரத்தில் இதை மிகக் கடுமையாகப் பார்க்கிறார்கள், இலங்கை எல்லை பக்கத்தில் இருப்பதால் நம் கரையில் இன்னும் கடுமை. புறப்படும் முன்பே அனுமதி வாங்குங்கள், இல்லாவிட்டால் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்.

ஓட்டுகிறவரின் தாள்கள்

இந்தியக் கொடிக் கலத்துக்கு டி.ஜி. ஷிப்பிங் தரும் தகுதிச் சான்றிதழ். கரையோரப் பயணத்துக்கு மட்டும் என்றால் என்.சி.வி. வகை, ஆழ்கடலுக்கு வேறு வகை. வெளிநாட்டுக் கொடிப் பெரிய யாட்களில் பெரும்பாலும் கேட்பது பிரிட்டனின் கடல்துறை அமைப்பான எம்.சி.ஏ. தரும் யாட் சான்றிதழ். நம் பையன்கள் பெரும்பாலும் போக விரும்புவது இரண்டாவது வழியில் என்பதால் அதை விரிவாகச் சொல்கிறேன்.

அடிப்படை எஸ்.டி.சி.டபிள்யூ. பயிற்சிதான் முதல் படி. கடலில் உயிர் பிழைத்தல், தீயணைப்பு, முதலுதவி, தனிநபர் பாதுகாப்பும் பொறுப்பும், கூடவே கப்பல் பாதுகாப்புப் பயிற்சி. டி.ஜி. ஷிப்பிங் அங்கீகரித்த நிலையத்தில் மட்டும் படியுங்கள். சேரும் முன் மாலுமிக்கான அடையாள எண்ணான இன்டாஸ் எண் எடுக்க வேண்டும். இவை கையில் வந்தால் சி.டி.சி. என்ற மாலுமிப் புத்தகத்துக்கு விண்ணப்பிக்கலாம். உயிர் பிழைத்தலும் தீயணைப்பும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியவை.

மருத்துவப் பரிசோதனையைப் பயிற்சிக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். காரணம் கண். வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்லும் இஷிஹாரா புத்தகத்தை டாக்டர் உங்கள் முன் திறப்பார். இரவில் சிவப்பு விளக்கையும் பச்சை விளக்கையும் பிரித்துப் பார்க்க முடியாதவர் வாட்ச், அதாவது கலம் ஓடும்போது கண்காணிக்கும் வேலை, பார்க்க முடியாது. என்னோடு ஊரிலிருந்து கிளம்பிய ஒருவன் கடன் வாங்கிப் பயிற்சிக் கட்டணம் எல்லாம் கட்டிவிட்டு, கடைசியில் அந்தப் புத்தகத்தின் நான்காவது பக்கத்தில் நின்றுபோனான். அதுவரை தனக்கு நிறக்குறை இருப்பதே அவனுக்குத் தெரியாது.

அடுத்த படி யாட்மாஸ்டர் ஆஃப்ஷோர். பிரிட்டனின் யாட் சங்கமான ஆர்.ஒய்.ஏ. நடத்தும் தேர்வு. உட்கார 50 நாள் கடல் அனுபவம், 2,500 கடல் மைல், 60 மைலுக்கு மேற்பட்ட ஐந்து பயணங்கள் வேண்டும். அந்த ஐந்தில் இரண்டு இரவுப் பயணம், இரண்டு நீங்களே பொறுப்பேற்று நடத்தியது. வணிக அனுமதி முத்திரை போட்டால் 24 மீட்டர்வரை, பாதுகாப்பான துறைமுகத்திலிருந்து 150 மைல்வரை எடுக்கலாம். அதற்கு மேலே போக யாட்மாஸ்டர் ஓஷன்.

24 மீட்டரைத் தாண்டிய யாட்டில் அதிகாரியாக, வாட்ச் அதிகாரிச் சான்றிதழ் வேண்டும். அதற்கு 36 மாத யாட் சேவை. அதற்குள் 15 மீட்டருக்குக் குறையாத கலங்களில் 365 நாள் கடற்சேவை. இவற்றோடு தனித்தனிப் பாடங்கள், ஜி.எம்.டி.எஸ்.எஸ். என்ற ஆபத்துக்கால வயர்லெஸ் சான்றிதழ், கடைசியில் வாய்மொழித் தேர்வு. பிறகு சீஃப் மேட், பிறகு 500 அல்லது 3,000 ஜி.டி.வரையான மாஸ்டர். எஞ்சின் பக்கத்துக்குத் தனி ஏணி உண்டு. மோட்டார் கைவந்தவர்கள் அதைப் பாருங்கள், அங்கே எப்போதும் ஆள் பற்றாக்குறை.

இந்த எல்லாப் படிகளிலும் உயிர்நாடி கடல் நாள் கணக்குத்தான். நங்கூரம் போட்டுக் கிடந்த நாள் கடலில் ஓடிய நாளாகாது. 24 மணி நேரத்தில் குறைந்தது நான்கு மணி நேரம் ஓடியிருந்தால்தான் அது ஒரு கடல் நாள். சான்றுக் கடிதத்தில் கலத்தின் பெயர், நீளம், ஜி.டி., எஞ்சின் கிலோவாட், ஏறிய தேதி, இறங்கிய தேதி, ஓடிய நாட்கள் எல்லாம் இருந்து, கேப்டன் கையெழுத்தும் கலத்தின் முத்திரையும் விழ வேண்டும்.

என் இரண்டாவது யாட்டில் ஏழு மாதம் வேலை பார்த்தேன். கையெழுத்தை இறங்கும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஒரு காலையில் உரிமையாளருக்கும் கேப்டனுக்கும் சண்டை. மத்தியானம் கேப்டன் பெட்டியோடு இறங்கிப் போய்விட்டார். புதிதாக வந்தவர், "நான் பார்க்காத நாளுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது?" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். பழையவர் மெயிலுக்குப் பதிலே போடவில்லை. ஏழு மாதமும் என் கணக்கில் ஏறவே இல்லை, தேர்வு ஒரு வருடம் தள்ளிப்போனது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதக் கடைசியிலும் தாளை நீட்டிவிடுவேன். கேப்டன்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

மீனவக் குடும்பத்துத் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. அப்பாவோடு வள்ளத்தில் போன பத்து வருடம் தாளில் இல்லாததால் ஒன்றுமில்லாமல் போகிறது என்ற வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் அது வீணாவதில்லை. வாய்மொழித் தேர்வில் பரிசோதகர் ஒரு காந்தப் பலகையில் விளக்குகளை வைத்துக் கேட்பார்: வெள்ளைக்கு மேல் பச்சை? இழுவலைப் படகு. வெள்ளைக்கு மேல் சிவப்பு? வேறு வகையில் மீன் பிடிப்பவர். மனப்பாடம் செய்தவர்கள் அங்கே நின்றுவிடுவார்கள். "அவனுடைய வலை எந்தப் பக்கம் கிடக்கும், நீ எந்தப் பக்கம் ஒதுங்குவாய்?" என்று அடுத்துக் கேட்கும்போது, கையால் வலை வளைத்த பையன் யோசிக்காமல் சொல்வான். மத்திய அரசின் சிஃப்நெட் நிறுவனம் மீன்பிடிக் கலங்களுக்கான மாலுமிப் படிப்பு நடத்துகிறது, சென்னையிலும் கிளை உண்டு. அந்த வழியும் நல்ல வழி.

இன்னொன்று: 'யாட் மட்டும்' என்று எழுதிய சான்றிதழோடு சரக்குக் கப்பலில் ஏற முடியாது. கப்பல் சான்றிதழ் வைத்திருப்பவர் யாட்டுக்கு வருவது எளிது, கொடி நாட்டின் ஒப்புதல் முத்திரை வாங்கினால் போதும். இரண்டு கதவும் திறந்திருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் முதலில் கப்பல் பக்கம் போவதே என் யோசனை.

ஏஜென்ட் விஷயத்தில் கவனம். மாலுமிகளை வேலைக்கு அனுப்ப டி.ஜி. ஷிப்பிங்கின் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் வேண்டும். அந்த எண்ணை வாங்கி டி.ஜி. ஷிப்பிங் இணையதளத்தில் சரிபாருங்கள். உரிமம் பெற்றவர் வேலை வாங்கித் தருவதற்கு மாலுமியிடம் காசு வாங்கக் கூடாது. லட்சக் கணக்கில் கேட்கிறார் என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். நகை அடகு வைத்துப் பணம் கொடுத்து, பனாமாவில் வேலை என்று கிளம்பி, மும்பை லாட்ஜில் நாற்பது நாள் கிடந்து திரும்பியவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்.

நம் கடலின் தாள்கள்

முதலில் பாம்பன். 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய ரயில் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் தூக்கு 17 மீட்டர் செங்குத்தாக மேலே போகும். ஆனால் பக்கத்தில் 1988-ல் திறந்த சாலைப் பாலம் அசையாது. எனவே பாய்மர யாட்டின் உயரத்தை அந்தச் சாலைப் பாலத்தோடு ஒப்பிட வேண்டும். 24 மீட்டர் நீள யாட்டில் மாஸ்ட் 30 மீட்டரைத் தொடுவது சாதாரணம். அப்படிப்பட்டவர்கள் இலங்கையைச் சுற்றித்தான் வர வேண்டும். தாண்ட முடிந்தவர்கள் பாம்பன் துறைமுக அலுவலகத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, ரயில்வேயோடு பேசி அவர்கள் சொல்லும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டும். தெற்கிலிருந்து வருபவை குந்துகால் பக்கம் நங்கூரமிட்டுக் கிடக்கும். கால்வாய் ஆழம் குறைவு, நீரோட்டம் வேகம். யாட்டின் அடியாழத்தை ஒளிக்காமல் சொல்லுங்கள். உள்ளூர் பைலட் இல்லாமல் போகாதீர்கள். ஆதம் பாலத்தின் மணல் திட்டுகளைப் பெரிய யாட்டில் கடக்கும் எண்ணமே வேண்டாம்.

பாம்பன் துறைமுக அலுவலகத்தில்தான் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும். 1-ம் எண் ஏறியதும், போகலாமா வேண்டாமா என்று வாட்ஸப்பில் கேட்டுக்கொண்டிருக்காமல் துறைமுகத்தைக் கேளுங்கள்.

அடுத்தது மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. 1986-ல் அறிவிக்கப்பட்டது, 21 தீவுகள், 560 சதுர கிலோமீட்டர். குருசடை, முயல் தீவு, அப்பா தீவு, நல்லதண்ணித் தீவு என்று வரைபடத்தில் பார்த்ததும் விருந்தாளிகளுக்கு இறங்கத் தோன்றும். ராமநாதபுரத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அனுமதி இல்லாமல் இறங்குவதும் பூங்கா எல்லைக்குள் நங்கூரம் போடுவதும் வன உயிரினச் சட்டத்தில் போய் நிற்கும். நம் ஆட்கள் 'பார்' என்று சொல்லும் பவளப் பாறை மேல் ஒரு பெரிய யாட்டின் நங்கூரச் சங்கிலி ஓரிரவு அரைத்தால், ஒரு தலைமுறை வளர்ந்தது போய்விடும். முகமூடி போட்டு இறங்கிய விருந்தாளி கடல் அட்டையையோ ஒரு துண்டு பவளத்தையோ நினைவுக்கு எடுத்து வந்தாலும் வழக்குதான், இரண்டும் சட்டம் பாதுகாக்கும் உயிர்கள். கடல் புல் இருக்கும் இடத்தில் வேகத்தைக் குறையுங்கள். ஆவுளியா என்ற கடல் பசு மூச்சு வாங்க மேலே வரும். புரொப்பல்லர் அதற்குத் தெரியாது.

கழிவுநீர் விஷயத்தில் மார்போல் சொல்வது, சுத்திகரிக்காத கழிவை விடக் கரையிலிருந்து 12 கடல் மைல் தள்ளிப் போக வேண்டும் என்பது. தீவும் கரைதான். தனுஷ்கோடிக்குக் கிழக்கே 12 மைல் கிடைப்பதற்குள் எல்லைக்கோடு வந்துவிடும். அதனால் தொட்டியை மூடி வைத்துத் துறைமுகத்தில் காலி செய்வது ஒன்றே வழி. 400 ஜி.டி.க்குக் குறைந்த கலம் என்று காரணம் சொல்லாதீர்கள்.

எல்லைக்கோடு 1974, 1976 ஒப்பந்தங்களில் வரையப்பட்டது. ஜி.பி.எஸ். திரையில் அதை ஏற்றி, இரண்டு மைல் முன்னாலேயே அலாரம் அடிக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். கலம் இருக்கும் இடத்தை மற்றவர்களுக்குக் காட்டும் ஏ.ஐ.எஸ். கருவியை ஒருபோதும் அணைக்காதீர்கள். மண்டபத்தில் கடலோரக் காவல்படை, கரை நெடுக மரைன் போலீஸ், உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும் கடல் இது. கிளம்பும் முன் ஆட்கள் பட்டியல், பாதை, திரும்பும் நேரம் மூன்றையும் மரைன் போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டால், நடுக்கடலில் சோதனைக்கு நிறுத்தும்போது பேச்சு சுருக்கமாக முடியும்.

வெளிநாட்டுக் கொடி யாட் நேராக ராமேஸ்வரம் வந்து நிற்க முடியாது. முதலில் தூத்துக்குடி மாதிரி சுங்கமும் குடியேற்றச் சோதனையும் உள்ள துறைமுகத்தில் ஏஜென்ட் மூலம் நுழைந்து, முத்திரை வாங்கி, அதன் பிறகே கரையோரம் நகர வேண்டும். பெரிய யாட் கட்ட இந்தக் கரையில் மரினா இல்லாததால் எரிபொருள், தண்ணீர் எல்லாவற்றுக்கும் தூத்துக்குடியையே கணக்கில் வையுங்கள்.

கடைசியாக வலைகள். பாக் நீரிணையில் விசைப்படகும் நாட்டுப்படகும் நாள் முறை வைத்துக் கடலுக்குப் போகின்றன. எந்த நாள் யாருடையது என்று மண்டபம் ஜெட்டியில் கேட்டாலே சொல்வார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், ஆனால் நாட்டுப்படகு ஓடும். தேர்வில் படித்த சிவப்பு பச்சை விளக்குகளை இங்கே எதிர்பார்க்காதீர்கள்; ஒரு வத்தையில் ஒரு எல்.இ.டி. விளக்கு இருந்தால் அதுவே பெரிது, வலையின் முனையில் ஒரு கேன் மட்டும் மிதக்கும். இருட்டிய பிறகு நகர வேண்டாம். நகர்ந்தே தீர வேண்டும் என்றால் முன்னால் ஒருவரை டார்ச்சோடு நிறுத்துங்கள். வலை அறுந்துவிட்டால் ஓடிவிடாமல் எஞ்சினை அணைத்து, பெயரையும் எண்ணையும் கொடுத்து, பேசித் தீர்த்துவிட்டுக் கிளம்புங்கள். அந்த வலை ஒரு வீட்டின் மொத்தச் சொத்து.

வி.எச்.எஃப். வயர்லெஸ்ஸில் ஆபத்து அழைப்புக்கான சேனல் 16 எப்போதும் திறந்திருக்கட்டும். கடலோரக் காவல்படை எண் 1554, மரைன் போலீஸ் 1093. இரண்டையும் ஸ்டியரிங் பக்கத்தில் அழியாத மையால் எழுதி ஒட்டிவிடுங்கள்.